உளி விழுமுன் பேசவேண்டிய பேச்சு

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், மண்டகப்பட்டுக்கு அருகே, பஞ்சபாண்டவர் மலை என்று ஊரார் வழங்கும் குன்றின் தென்முகத்தில் குடையப்பட்டிருக்கும் தளவானூர்க் குகைக்கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், முகப்பின் நடுத்தூண்கள் இரண்டையும் இணைத்து வளையும் மகரதோரணத்தையும், இரு கோடிகளிலும் காவல் நிற்கும் துவாரபாலகர்களையும், கொடுங்கையின் கூடுகளிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களையும் வியந்துவிட்டு, நிழலில் சற்று இளைப்பாறித் திரும்பிவிடுவது வழக்கம். (தடுப்பணை உடைந்த செய்தியால் சில ஆண்டுகளுக்கு முன் பத்திரிகைகளில் அடிபட்ட பெண்ணையாற்றங்கரைத் தளவானூர் வேறு, இது பல்லவன் தளவானூர்.) அங்கே வடமொழியில் ஒரு கல்வெட்டும் தமிழில் ஒரு பாட்டும் இருக்கின்றன. கோயிலைச் செய்வித்த மகேந்திரவர்மனின் சத்ருமல்லன் என்ற விருதுப்பெயரை அவற்றில் படிக்கலாம். ஆலயத்துக்கே சத்ருமல்லேசுவரம் என்று பெயர். தமிழ்ப் பாட்டைச் சொன்ன சிவதாசனின் பெயரும் பொறித்திருக்கிறது. செய்வித்தவன் பெயர் உண்டு, அதைப் புகழ்ந்தவன் பெயர் உண்டு, பாறையைக் குடைந்தவன் பெயர் மட்டும் இல்லை.

பெயர் இல்லையே என்று அங்கலாய்ப்பது என் நோக்கமன்று. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறைமேல் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய சிற்பிகளின் பெயர்கள் நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆகவே தொழில் செய்தவனை மறைத்துவிடுவதே நம் நாட்டு சம்பிரதாயம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவது நியாயமாகாது. தளவானூரில் என் மனத்தை உறுத்துகிற கேள்வி வேறு. செய்யச் சொன்னவனுக்கும் செய்தவனுக்கும் இடையே, முதல் உளி விழுவதற்கு முன்னால், என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதே அது.

ஏனெனில் மகேந்திரவர்மன் எளிதில் திருப்தி அடைகிற யஜமானனாக இருந்திருக்க முடியாது. அவனுக்கு வழங்கிய விருதுப்பெயர்களுள் சித்திரகாரப்புலி என்பது ஒன்று. அதாவது, ஓவியருள் புலி. விசித்திரசித்தன் என்பது மற்றொன்று. சைவ வேஷம் போட்டுத் திரிந்த காபாலிகனையும் பௌத்த பிக்ஷுவையும் ஒருசேரப் பரிகசித்து ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நாடகத்தை எழுதியவன். பிறர் குறையைக் காணும் கண் அவனுக்குக் கூர்மையாகவே இருந்திருக்க வேண்டும். போதாததற்கு, மண்டகப்பட்டில் அவன் எழுதிவைத்திருக்கும் கல்வெட்டைப் படித்தால், ஒரு கலைஞனுக்கு ஒரு புரவலன் விதித்த நிபந்தனைகளில் இதைவிடக் கடினமானது உண்டோ என்று தோன்றுகிறது: செங்கல் கூடாது, மரம் கூடாது, உலோகம் கூடாது, சுண்ணாம்பும் கூடாது, ஆனாலும் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் ஆலயம் எழும்ப வேண்டும். அதுவரை கட்டிடமென்றால் எவையெவையோ அவை அனைத்தையும் தள்ளிவிட்டு, மிச்சமிருப்பதைக் கொண்டு செய் என்று சொல்கிற யஜமானன்! இன்றைக்கு நம் ஓவியர்கள் ‘அந்தப் பார்ட்டி ரொம்பக் கஷ்டமுங்க’ என்று சலித்துக்கொள்கிறார்களே, அந்த வரிசையில் முதல் ஆசனத்தை நான் இந்தப் பல்லவனுக்கே கொடுப்பேன்.

ஆனால் அந்தச் சிற்பிக்கு ஒரு துணை இருந்தது; அது பாறை. பாறையில் வெட்டியதை ஒட்ட முடியாது. துவாரபாலகன் தோள் இன்னும் சற்று அகன்றிருக்கலாமே என்று அரசன் பிற்பாடு நினைத்தால், நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தளவானூரில் முகப்பு தெற்கே பார்க்கிறது. கருவறையோ மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கி அமைந்திருக்கிறது. குன்றின் நல்ல முகம் தெற்கே இருந்தது, சுவாமியோ கிழக்கே பார்க்க வேண்டும் என்று விரும்பினார்கள், ஆகவே இரண்டுக்கும் இணங்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆயினும் இந்த ஏற்பாடு எப்பொழுது முடிவாகியிருக்கும் என்பதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை: வேலை தொடங்குமுன். பாதி குடைந்த பிறகு ‘சந்நிதியை இந்தப் பக்கம் திருப்பிவிடு’ என்று சொல்ல எந்தச் சக்கரவர்த்தியாலும் ஆகாது. கல்லில் வேலை செய்தவர்களுக்கு விவாதம் எல்லாம் முதலில், வேலை எல்லாம் பிற்பாடு.

இந்த வரிசை தலைகீழாகிவிட்டதுதான் இன்றைய ஓவியனின் துன்பத்துக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். வண்ணம் வந்தபோது அழித்து மேலே பூசலாம் என்ற வசதி வந்தது. காகிதம் வந்தபோது கிழித்துவிட்டு மறுபடி வரையலாம் என்றாயிற்று. கணினித் திரையிலும் கைப்பலகையிலும் வரையத் தொடங்கிய பிறகோ, செய்ததை ஒரு விரல் தொட்டுப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. திருத்துவது எவ்வளவு சுலபமாகிறதோ, அவ்வளவுக்கு வாடிக்கைக்காரர் கடினமாகிறார். அவர் இயல்பாகவே துஷ்டர் என்பதனாலன்று. திருத்தம் கேட்பதற்கு விலை இல்லை என்று அவரை நாமே நம்பவைத்துவிட்டதனால். பாறை தானாகவே இட்ட வரம்பை, இன்று ஓவியன் தன் வாயால் சொல்லி இட வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வருவதில்லை.

செஞ்சி வட்டாரத்தில் ஆர்டருக்குப் படம் எழுதிப் பிழைக்கும் ஓர் ஓவியரை நான் அறிவேன். ஃபிளெக்ஸ் அச்சு வருவதற்கு முன் பேனர் எழுதிக்கொண்டிருந்தவர். இப்பொழுது பெரும்பாலும் மறைந்தவர்களின் படங்களை எழுதுகிறார், இடையிடையே பள்ளிக்கூடச் சுவர், கோயில் திருப்பணியில் சுதைக்கு வர்ணம், கல்யாண மேடையில் வைக்க மணமக்கள் உருவம் என்று எது வந்தாலும் ஏற்றுக்கொள்வார். ஒரு குடும்பம், தாயார் காலமாகி ஓராண்டு முடிகிற நினைவுநாளில் திறந்துவைப்பதற்காக, அந்த அம்மாளின் ஆளுயரப் படம் ஒன்றை அவரிடம் கேட்டது. ஆதாரமாகக் கிடைத்தவை இரண்டு: கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் கட்டைவிரல் நகமளவு தெரிகிற ஒரு முகம், பேத்தி தன் கைப்பேசியில் பாட்டியை அணைத்துக்கொண்டு எடுத்த ஒரு செல்ஃபி. பிள்ளைகள் நால்வர். மூத்தவர் ஊரில் இருந்தார். இளையவர் துபாயில் இருந்தார். பெண்கள் இருவரும் புகுந்த வீடுகளில். நால்வரும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் ஓவியரோடு பேசத் தொடங்கினார்கள்.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது மூக்குத்திப் பிரச்சினை எழுந்தது. அம்மா மூக்குத்தி போட்டிருந்தது இடப்பக்கம்தான், செல்ஃபியைப் பாருங்கள் என்றார் மூத்த மகள். வலப்பக்கம், எனக்குத் தெரியாதா என்றார் இளையவள். “சார், அக்கா சொல்றத கேக்காதீங்க, அவங்களுக்குக் கல்யாணம் ஆகிப் போய் முப்பது வருஷம் ஆவுது” என்று நள்ளிரவில் ஒரு குரல்பதிவு வந்தது. ஓவியர் ஒருமுறை மாற்றினார். மறுபடி பழையபடி மாற்றினார். பிறகு படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் புடவை கண்ணில் பட்டது. நம் பெண்கள் முந்தானையை இடத்தோளில் போடுவார்கள். செல்ஃபியிலோ அது வலத்தோளில் கிடந்தது. கைப்பேசியின் முன்பக்கக் கேமரா, கண்ணாடியைப் போல, இடத்தை வலமாகக் காட்டிவிட்டிருந்தது. இளைய மகள் சொன்னதே சரி. ஓவியர் இதை விளக்கி எழுதியதும் குடும்பத்தில் வாக்குவாதம் ஓய்ந்தது என்று நினைக்கவேண்டாம். அம்மா இவ்வளவு இளைத்திருக்கவில்லை என்று துபாயிலிருந்து அடுத்த செய்தி வந்தது.

இதில் குற்றவாளி யார்? அந்தப் பிள்ளைகளை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு தாயை நான்கு பேர் நான்கு வயதில் பார்த்திருக்கிறார்கள். அந்த நான்கு முகங்களும் ஒரே துணியில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அவர்கள் சொன்ன திருத்தங்களில் பாதி மூக்கைப் பற்றியவை அல்ல, துக்கத்தைப் பற்றியவை. படத்தில் குறை இல்லாமல் போய்விட்டால், திறந்துவைத்து மாலை போட்டுவிட்டால், பிறகு அம்மாவைப் பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம் குறைந்துபோகும் என்றுகூட உள்ளூர நினைத்திருக்கலாம். இப்படிப்பட்ட வாடிக்கைக்காரரிடம் கோபித்துக்கொள்கிற ஓவியன் கல்நெஞ்சன். அவர்கள் கேட்டதையெல்லாம் காசில்லாமல் செய்துகொடுக்கிற ஓவியன் தன் பிள்ளைகளின் சோற்றை எடுத்துக் கொடுக்கிறவன். இரண்டும் இல்லாத வழி ஒன்றைத்தான் அவர் கடைசியில் கண்டுபிடித்தார். நால்வரையும் ஒரே குழுவில் சேர்த்து, “உங்களில் யாராவது ஒருவர் மட்டும் என்னிடம் பேசுங்கள், அவர் சொன்னால் செய்கிறேன், நீங்கள் நால்வரும் முதலில் உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள், இதற்கு மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இவ்வளவு” என்று ஒரு தொகையைச் சொன்னார். அன்று மாலையே இளைய மகளின் பெயர் முடிவாயிற்று. அதற்குப் பிறகு வந்த திருத்தம் ஒன்றே ஒன்று. காசு கேட்டதனால் அவர்கள் மனம் நோகவில்லை. எது வரைக்கும் கேட்கலாம் என்று யாரோ ஒருவர் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தவர்களைப் போல நடந்துகொண்டார்கள்.

அப்படியானால் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “முதல்லயே காசு பேசினா நல்லா இருக்குமா சார்?” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. கலைக்குக் கொடுப்பதைப் பரிசில் என்று சொல்லிப் பழகிய நாடு இது. கூலி என்றால் கலைக்கு இழுக்கு என்று கருதுகிறோம். ஆனால் அந்தப் பரிசில் மரபை நேரே சென்று பார்த்தால், அங்கே நம் ஓவியரின் சங்கோஜம் காணப்படவில்லை. புறப்பொருளில் பரிசில் கடாநிலை என்றே ஒரு துறை உண்டு. கொடுக்கத் தாமதிக்கிற புரவலனை, பாடிய புலவன் நேருக்கு நேர் நெருக்கிக் கேட்பது அது. பாக்கியை வசூலிப்பதற்கென்றே இலக்கணத்தில் ஓர் இடம் ஒதுக்கிய மொழி வேறு எதுவும் உண்டோ என்னவோ, எனக்குத் தெரிந்தவரை தமிழுக்கு அந்தப் பெருமை உண்டு. பெருஞ்சித்திரனார் கதையைப் புறநானூறு படித்தவர்கள் அறிவார்கள். இளவெளிமான் தகுதி அறியாது சிறிது கொடுத்தான். புலவர் அதை வாங்காமல் குமணனிடம் சென்றார். அவன் அளித்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவைத்துவிட்டுப் போனார். அதே புலவர், அதியமான் தம்மை நேரில் காணாமலேயே அனுப்பிவைத்த பொருளையும் மறுத்துவிட்டார்; தொகையில் குறை இருந்ததென்று அல்ல, பாட்டைக் கேளாமல் கொடுத்ததனால். எவ்வளவு வேண்டும் என்பதிலும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு நிச்சயமான எண்ணம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. வறுமையில் உழன்றவர்தாம் அவர் என்பதையும் மறக்கக் கூடாது. காசைப் பற்றிப் பேசாதிருப்பது நமது பண்டைய பண்பாடு என்கிறவர்கள் வேறெந்தப் பண்டைய காலத்தைச் சொல்கிறார்களோ, நான் அறியேன்.

யானையைக் கட்டிவிட்டு வருவது எல்லோராலும் ஆகிற காரியமன்று. அதற்கு முதலில் ஒரு குமணன் கிடைக்க வேண்டும். குமணன் கிடைக்காதவர்கள் பின்பற்றக்கூடிய முன்மாதிரி ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. 1654ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் தியேகோ ஆந்த்ராதே என்ற போர்ச்சுகீசிய வணிகர், ஒரு இளம்பெண்ணின் உருவத்தை எழுதுவதற்காக ஓவியர் ரெம்பிராண்ட்டிடம் 75 கில்டர் முன்பணம் கொடுத்திருந்தார். படம் அந்தப் பெண்ணைப் போல் இல்லை, திருத்திக்கொடு, இல்லையேல் முன்பணத்தைத் திருப்பிக்கொடு என்று நோட்டரி மூலமாக அறிவிப்பு அனுப்பினார். நம் ஊர் ஓவியராக இருந்தால், ஒன்று, மறுநாளே தூரிகையை எடுத்திருப்பார். இல்லாவிட்டால் வாசலில் நின்று சண்டை போட்டிருப்பார். ரெம்பிராண்ட் இரண்டும் செய்யவில்லை. மீதித் தொகையைக் கொடுத்தாலோ அதற்குப் பிணை நிறுத்தினாலோ ஒழியப் படத்தைத் தொடமாட்டேன் என்றார். தொகை வந்ததும் முடித்து, சாயல் இருக்கிறதா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்தின் நிர்வாகிகள் தீர்மானிக்கட்டும் என்றார். இல்லை என்று அவர்கள் சொன்னால் திருத்தித் தருகிறேன், அதற்கும் வணிகர் திருப்தி அடையாவிட்டால் படத்தை நானே வைத்துக்கொண்டு, என் ஓவியங்களை ஏலம் விடும்போது அதையும் சேர்த்துவிடுகிறேன் என்றார். இந்தப் பதிலை நான் பலமுறை ஆராய்ந்து பார்த்திருக்கிறேன். இதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. ‘எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?’ என்ற அகங்காரமும் இல்லை. சாயல் இல்லை என்று சொல்லும் உரிமை வாடிக்கைக்காரருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறார். அது உண்மையா என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், மூன்றாவது மனிதர்களுக்கு இருக்கட்டும் என்கிறார். பணத்தை முதலில் வை என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தெரிந்திருக்கிறது அவருக்கு.

அந்த மூன்றாவது மனிதர்கள் இங்கே நமக்கு இல்லை. பேனர் எழுதியவர்களுக்கும், சுவர் எழுதியவர்களுக்கும், இப்பொழுது வீட்டிலிருந்தபடியே கைப்பலகையில் வரைந்து அனுப்புகிற இளைஞர்களுக்கும், சாயல் வழக்கைத் தீர்த்துவைக்க மாவட்டந்தோறும் ஒரு சங்கம் இருந்தால் எவ்வளவோ சண்டைகள் மிச்சமாகும். அது வரும்வரை சட்டம்தான் துணை. அந்தத் துணையோ நாம் வாய்மூடி இருக்கிற வரையில் எதிராளியின் பக்கம் சாய்ந்திருப்பது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பொதுவாகப் படைத்தவனே முதல் உரிமையாளன் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கை வைத்திருக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், அவரிடம் பிரதிபலன் பெற்று எழுதிய ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாறான உடன்பாடு இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். அதாவது, பேசாமல் விட்டால் உரிமை போயிற்று. ஜவுளிக்கடைக்காரர் தம் கடைக்கென்று எழுதி வாங்கிய அம்மன் படத்தைப் பிறகு ஆயிரக்கணக்கில் காலண்டராக அச்சிட்டால், ‘எனக்கும் ஒரு பங்கு’ என்று கேட்கிற ஓவியருக்குச் சட்டம் கைகொடுக்காது. முன்கூட்டியே ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் கொடுக்கும்.

எழுதிக் கொடுத்தாலும் போகாத உரிமை ஒன்று 57ஆம் பிரிவில் இருக்கிறது: இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்வதும், தன் பெயருக்கு ஊறு நேரும்படி அதைச் சிதைப்பதைத் தடுப்பதும். அதன் வலிமையை நிரூபித்தவர் சிற்பி அமர்நாத் செகல். அவருடைய வாடிக்கைக்காரர் இந்திய அரசாங்கமேதான். டில்லி விஞ்ஞான் பவனத்தின் முகப்புக் கூடத்துக்காக அவர் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்துகொடுத்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை, 1979இல் கட்டிடத்தைப் புதுப்பிக்கும் சாக்கில் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். கடிதங்களுக்குப் பலன் இல்லாமற்போகவே, 1992இல் அவர் வழக்குத் தொடுத்தார். மிஞ்சிய பாகங்களைச் சிற்பியிடமே ஒப்படைத்து, ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கும்படி டில்லி உயர்நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. விலை கொடுத்து வாங்கியவன் என்பதற்காக உடைத்துப்போட அதிகாரமில்லை என்பது அதனால் ஸ்தாபிதமாயிற்று. எனினும் அந்தத் தீர்ப்புக்காக ஒரு கலைஞன் தன் முதுமையில் பதின்மூன்று வருஷம் செலவிட வேண்டியிருந்ததையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சட்டம் கடைசிப் புகலிடம். செஞ்சியில் பத்தாயிரம் ரூபாய்ப் படம் எழுதுகிறவருக்கு அது டில்லியைவிடத் தூரம்.

அவருக்குக் கிட்டத்தில் இருப்பது 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம். குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்குக் கொடுக்கவேண்டிய தொகையை, எழுத்தில் உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி ஏறும். பள்ளிச் சுவருக்கும் அலுவலகச் சுவருக்கும் சதுர அடிக் கணக்கில் பேசி எழுதவைத்துவிட்டு, பில் மேலே போயிருக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்கிறவர்களிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. தனிமனிதரைவிடக் கடினமான பார்ட்டி இவர்கள்தாம். தனிமனிதருக்கு முகம் உண்டு, ஆபீசுக்கு மேஜை மட்டும்தான் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, ராஜா தேசிங்கு குதிரைமேல் பாய்கிற படம் வேண்டும், ராஜகிரி வேண்டும், கல்யாண மகால் வேண்டும் என்று சுவர்களுக்கும் விடுதிகளுக்கும் கேட்பவர்கள் இனிப் பெருகுவார்கள். விலையையும் தவணையையும் திருத்தத்தின் எல்லையையும் பேசிக்கொள்ளாமல் அந்த வேலைகளில் இறங்குகிறவர்கள், இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்து புலம்ப வேண்டாம் என்று இப்பொழுதே கேட்டுக்கொள்கிறேன்.

வாடிக்கைக்காரரையே வேண்டாம் என்று சொல்லிவிடும் சுதந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. அது வீரத்தால் வருவதன்று, வருமானத்தால் வருவது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சாப்பாட்டுக்கு வழிசெய்துகொண்டு, ஓவியத்தில் எவருடைய சொல்லுக்கும் ஆடாமல் இருந்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் வேறொரு வழியைக் காட்டின: கடைக்காரர் ஆல்பத்தைப் புரட்டி, ஏற்கெனவே எழுதி அச்சாகியிருக்கிற முருகனையோ லக்ஷ்மியையோ தேர்ந்தெடுத்துத் தம் கடைப்பெயரை அதன் கீழே போட்டுக்கொள்வார், முருகனின் மூக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அவருக்கு இடமே கிடையாது. இன்று வரைகிற இளைஞர்களும், ஆர்டர் இல்லாத நாட்களில் இப்படிச் சில படங்களை எழுதி வைத்துக்கொண்டால், வம்பு பிடித்த பார்ட்டியிடம் “மன்னிக்கணும், எனக்கு நேரம் இல்லை” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடலாம். அப்படிச் சொல்வதானால் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பாதியில் சொல்கிறவர் வாங்கிய பணத்தில் செய்த வேலைக்கு உரியதுபோக மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். தாமதம், கைப்பேசியை எடுக்காமை, நாளை நாளை என்று இழுத்தல் ஆகியவற்றால் தாமே கடினமான ஓவியர் என்று பெயரெடுத்தவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களிடம் சிக்கிய வாடிக்கைக்காரரின் கட்டுரையை அவர்தான் எழுத வேண்டும்.

மூக்குத்தி ஓவியர் இப்பொழுது ஒரு ரசீதுப் புத்தகம் வைத்துக்கொண்டிருக்கிறார். பாதித் தொகை முன்பணம், பென்சில் கோட்டில் சாயலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே வண்ணம், வண்ணம் ஏறிய பிறகு இரண்டு திருத்தம் வரை இலவசம், பேசுகிறவர் ஒருவர், முழுத்தொகையும் வந்த பிறகே படம் வீட்டுக்குப் போகும், அச்சுக்கு எடுத்தால் தனிப் பேச்சு. இவ்வளவும் நல்ல தமிழில் ஒவ்வொரு ரசீதின் பின்பக்கமும் அச்சாகியிருக்கிறது. ‘இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்காமல் போய்விட்டால்?’ என்று அவருடைய மனைவி கவலைப்பட்டாராம். அந்த ரசீதுப் புத்தகத்தை அடித்துக்கொடுத்த அச்சகக்காரர், பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, புரூஃபில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இயந்திரத்தில் ஏற்றினார். அவரிடம் இவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.